கிரீஸ் உருகிய பாதை

சிகாகோவில் மலை கிடையாது. மிச்சிகன் ஏரிக்கரையில் பாய் விரித்தாற்போல் கிடக்கும் ஊர் அது. ஆனாலும் மவுண்டன் பைக்கின் வம்சாவளியை அங்கிருந்துதான் எழுத வேண்டியிருக்கிறது. ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய இக்னாஸ் ஷ்வின் 1895இல் அங்கே ஒரு சைக்கிள் கம்பெனி தொடங்கினார். அது மகன் ஃபிராங்க் கைக்கு வந்தபோது அமெரிக்கா பெரும் பொருளாதார மந்தத்தில் கிடந்தது. பெரியவர்கள் எப்போதோ காருக்கு மாறிவிட்டார்கள். சைக்கிள் வாங்க மிச்சமிருந்தது சிறுவர்கள்தான். அவர்களோ வண்டியை நடைபாதை விளிம்பில் மோதி ஏற்றுவார்கள், வீடு வந்ததும் புல்தரையில் அப்படியே போட்டுவிட்டு ஓடுவார்கள். அன்றைய அமெரிக்க சைக்கிள்களில் டயரும் டியூபும் ஒன்றேயான குழாயைப் பசை தடவி ரிம்மில் ஒட்டியிருப்பார்கள். இந்தப் பிள்ளைகளின் முரட்டுத்தனத்துக்கு அது தாங்கவில்லை.

ஃபிராங்க் ஷ்வின் 1933இல் புது டயர் ஒன்றைக் கொண்டுவந்தார். 26 அங்குலச் சக்கரம், 2.125 அங்குலத் தடிமன், உள்ளே தனி டியூப். பலூன் டயர் என்று பெயர். அதைத் தாங்க அகலமான ரிம், அதைத் தாங்கக் கனத்த இரும்பு ஃப்ரேம். காலையில் வீடு வீடாகப் பேப்பர் போடுகிற பையன்களுக்கு இந்த வண்டி வாய்த்தது. பிரேக்குக்கு லிவரும் கம்பியும் இல்லை. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பின்சக்கர ஹப்புக்குள் இருக்கும் பிரேக் பிடிக்கும். கியரும் இல்லை. அழகுக்காக மோட்டார் சைக்கிள் மாதிரி ஒரு பொய் பெட்ரோல் டேங்கை ஃப்ரேமின் நடுவில் பொருத்தியிருந்தார்கள். பிள்ளைகள் அதற்காகவே அடம்பிடித்து வாங்கினார்கள்.

இருபது முப்பது வருஷத்தில் காலம் மாறியது. மெல்லிய டயரும் பத்து கியரும் கொண்ட வண்டிகள் வந்தன. தடியன்கள் கார் ஷெட்டின் மூலைக்கும் காயலான் கடைக்கும் போனார்கள்.

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி வடக்கே போனால் மரின் கவுண்டி. அங்கே டமல்பையஸ் மலை, உயரம் 784 மீட்டர். ஊர்க்காரர்களுக்கு அது வெறும் ‘டாம்’. மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்து வளர்ந்தவர்கள் இதைக் குன்று என்றுதான் சொல்வார்கள். ஆனால் கடலோரத்தில் தொடங்கி நேராக எழுவதால் ஏற்றம் உடனே முழங்காலைப் பிடித்துவிடும். காட்டுத்தீயை அணைக்க லாரி போவதற்காக வெட்டிய மண் சாலைகள் மலை முழுக்க உண்டு. 1960களின் கடைசியிலும் 70களின் தொடக்கத்திலும் லார்க்ஸ்பர் என்ற சிற்றூரின் இளைஞர்கள் காயலான் கடைப் பலூன் டயர் வண்டிகளை மேலே தள்ளிக்கொண்டு போய் அந்தச் சாலைகளில் கண்மண் தெரியாமல் இறங்கினார்கள். அது பக்கத்து ஊர்களுக்கும் தொற்றியது.

தொற்றியவர்களில் சிலர் ரோடு சைக்கிள் பந்தயக்காரர்கள் என்பதுதான் இந்தக் கதையின் அதிர்ஷ்டம். கேரி ஃபிஷருக்கு 1960களின் கடைசியில், தலைமுடி நீளம் என்ற காரணத்துக்காகச் சில வருஷம் பந்தயத்தில் அனுமதி மறுத்திருந்தார்கள். சார்லி கெல்லி ஒரு ராக் இசைக்குழுவுக்கு மேடைச் சாமான் தூக்கியவர். ஜோ ப்ரீஸ் பழைய சைக்கிள்களைத் தேடித்தேடிச் சேர்த்தவர். 1973இல் அவர் 1941ஆம் வருஷத்து ஷ்வின் ஒன்றை வாங்கக் கொடுத்தது ஐந்து டாலர். வாங்கிய கையோடு மட்கார்டு, ஸ்டாண்டு, கேரியர், அந்தப் பொய் டேங்க் எல்லாவற்றையும் கழற்றி எறிவது அந்த வட்டாரத்தின் வழக்கம். மிஞ்சுகிற எலும்புக்கூடே சுமார் இருபது கிலோ இருக்கும்.

மரின் கதையைச் சொல்பவர்கள் அதற்கு முன்னால் யாருமே மண்ணில் சைக்கிள் விடாதது போலச் சொல்வதுண்டு. அது சரியில்லை. 1897இல் அமெரிக்க ராணுவத்தின் 25ஆம் காலாட்படையைச் சேர்ந்த கறுப்பினச் சிப்பாய்கள் மொன்டானாவின் மிசூலாவிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை சுமார் 1,900 மைல், சேறும் மலையும் மணலுமாக, சைக்கிளிலேயே போனார்கள். 1950களில் பாரிஸ் புறநகரில் இருபது பேர்போல ஒரு கூட்டம் சைக்கிளுக்கு மோட்டார் சைக்கிள் ஃபோர்க் மாட்டிக் காட்டுப் பாதையில் ஓட்டியது. 1953இல் ஜான் ஃபின்லி ஸ்காட் என்பவர் தடித்த டயரும் நேரான ஹேண்டில்பாரும் கியரும் கொண்ட வண்டி ஒன்றைத் தனக்காகவே கட்டிக்கொண்டார். இவையெல்லாம் அந்தந்த ஆட்களோடு முடிந்துபோயின. மரின் ஆட்கள் பந்தயம் வைத்தார்கள். கெல்லி எழுதினார், வெண்டி கிராக் படம் எடுத்தார், பிறகு விற்கவும் செய்தார்கள். ஒரு பொருள் நிலைக்க வேண்டுமானால் கண்டுபிடிப்பவர் மட்டும் போதாது. வாயாடியும் வியாபாரியும் அதே தெருவில் குடியிருக்க வேண்டும் போலிருக்கிறது.

ஃபேர்ஃபேக்ஸ் ஊருக்கு மேலே ஒரு மண் சாலை இருக்கிறது. இரண்டு மைல் சொச்ச நீளத்தில் 1,300 அடி இறங்குகிறது. சரளையும் வரிப்பள்ளமும், எதிரே என்ன வருகிறதென்று தெரியாத வளைவுகளும். 1976 அக்டோபர் 21ஆம் தேதி அங்கே முதல் பந்தயம் நடந்தது. ஒருவர் பின் ஒருவராக, இரண்டு நிமிஷ இடைவெளியில் இறங்க வேண்டும், கீழே கடிகாரம் பார்ப்பார்கள். இறங்குகிற வேகம் முழுவதையும் பின்சக்கர ஹப்பில் இருக்கும் அந்தக் கால் பிரேக் ஒன்றுதான் விழுங்கியாக வேண்டும். பேப்பர் போடும் பையன் கேட்டருகே நிறுத்துவதற்காகச் செய்த பிரேக் அது. கீழே வந்து சேர்வதற்குள் ஹப் கொதித்து, உள்ளேயிருக்கும் கிரீஸ் உருகிப் புகையாகக் கிளம்பிவிடும். அடுத்த தடவை இறங்கவேண்டுமென்றால் ஹப்பைப் பிரித்து, துடைத்து, பால்ரஸ்ஸுக்குப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். அந்த வேலைக்கு அவர்கள் சொன்ன பெயர் ‘ரீபேக்’. சாலைக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது. ஃபிஷரின் 4 நிமிஷம் 22 விநாடியை யாரும் முறியடிக்கவில்லை. ப்ரீஸின் நேரம் அதைவிட இரண்டே விநாடி அதிகம். 1984 வரை மொத்தம் 24 பந்தயங்கள் நடந்தன.

இந்தப் பாதையில் நின்று பார்த்தால்தான் மவுண்டன் பைக் எப்படிப்பட்ட பொருள் என்று விளங்குகிறது. இதை யாரும் ஒரு தேவைக்காகக் கண்டுபிடிக்கவில்லை. பால் கொண்டுபோக, பள்ளிக்கூடம் போக, வேலைக்குப் போக என்று எதற்கும் இது பிறக்கவில்லை. இறங்குகிற சந்தோஷம் முதலில் வந்தது. அந்தச் சந்தோஷத்தைத் தாங்காமல் பழைய வண்டி ஒவ்வொரு இடமாக உடைந்தது. உடைந்த இடத்தில் வேறொன்றைப் பொருத்திக்கொண்டே போனதில் கடைசியில் இந்த வண்டி வந்து நின்றது.

ஃபோர்க் வளைந்தது, பலப்படுத்தினார்கள். பிரேக் எரிந்தது, இருவர் சேர்ந்து ஓட்டும் சைக்கிளின் டிரம் பிரேக்கை எடுத்து மாட்டினார்கள். அதை அழுத்த சைக்கிள் லிவர் போதவில்லை, மோட்டார் சைக்கிள் லிவர் வந்தது. ஏறும்போது தள்ள வேண்டியிருந்தது. 1974 டிசம்பரில் மில் வேலியில் நடந்த ஒரு பந்தயத்துக்குத் தெற்கே குபர்டினோவிலிருந்து வந்த பையன்கள் தடித்த டயர் வண்டியில் கியர் மாட்டியிருந்ததை மரின் ஆட்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். பிறகு ஃபிஷர் தன் வண்டியிலும் கியர் போட்டார். பிரெஞ்சுக் கிராங்க், ஜப்பான் ஷிஃப்டர், ஜெர்மன் லிவர், அமெரிக்க டயர் என்று ஒவ்வொன்றும் வேறு வேலைக்காகச் செய்த சாமான். எஞ்சியிருந்தது ஃப்ரேம் ஒன்றுதான். அதுவும் விரிசல் விட ஆரம்பித்தபோது, கெல்லி கேட்டுக்கொண்டதன் பேரில், 1977இல் ஜோ ப்ரீஸ் குரோமாலி எஃகுக் குழாயில் தானே ஒன்றைச் செய்தார். காட்டுக்கென்றே பிறந்த முதல் வண்டிகளில் ஒன்று. தனக்கும் நண்பர்களுக்குமாகப் பத்து செய்தார். முதலாவது இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எல்லாம் மாறியும் ஒன்று மட்டும் மாறவில்லை. சக்கரம் 26 அங்குலம்தான். தடித்த டயர் அந்த அளவில்தான் கிடைத்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. சிகாகோப் பையனுக்காக வந்த சக்கரம் அடுத்த முப்பது வருஷம் உலகம் முழுக்க மலையேறியது.

இதே சமயத்தில் மரினுக்கு வெகு கிழக்கே, கொலராடோவின் கிரெஸ்டெட் பியூட் என்ற சுரங்க ஊரில், இவர்களைப் பற்றி ஒன்றும் அறியாத இன்னொரு கூட்டம் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஆஸ்பெனிலிருந்து மோட்டார் சைக்கிள்காரர்கள் சிலர் 12,700 அடி உயர பெர்ல் கணவாயைக் கடந்து வந்து இவர்கள் ஊர்ச் சாராயக் கடையின் முன் வண்டியை நிறுத்திப் பீற்றிக்கொண்டு போனார்கள். ரோஷம் தாங்காமல் 1976இல் இவர்கள் தங்கள் ஓட்டைச் சைக்கிள்களில் அதே கணவாயைக் கடந்து ஆஸ்பென் போய்ச் சேர்ந்தார்கள். ஓட்டியதைவிடத் தள்ளியதுதான் அதிகம் இருந்திருக்கும். இது காதில் விழுந்து 1978இல் ஃபிஷர், ப்ரீஸ், கெல்லி, வெண்டி கிராக் உட்பட ஐந்து பேர் கலிஃபோர்னியாவிலிருந்து போய்ச் சேர்ந்துகொண்டார்கள். கிரெஸ்டெட் பியூட் ஆட்கள் கியர் வைத்த வண்டிகளை அப்போதுதான் பக்கத்தில் பார்த்தார்கள்.

மிச்சத்தைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். காசு உள்ளே வந்த பிறகு எல்லாப் பொருளின் கதையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 1979இல் ஃபிஷரும் கெல்லியும் கம்பெனி வைத்தார்கள், டாம் ரிச்சி ஃப்ரேம் கட்டிக் கொடுத்தார். முழு வண்டி ஆயிரம் டாலருக்கு மேல் ஆனது. ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் மைக் சின்யார்ட் ரிச்சியின் வண்டிகளைப் பார்த்துவிட்டு, அந்த மாதிரியில் ஜப்பானில் செய்யச் சொல்லி 1981இல் ஸ்டம்ப்ஜம்பரை இறக்கினார். விலை 750 டாலர். அடுத்த வருஷம் ஷிமானோ, மலை வண்டிக்கென்றே டியோரே எக்ஸ்டி என்ற சாமான் தொகுதியைக் கொண்டுவந்தது. இனி யாரும் மோட்டார் சைக்கிள் கடையில் லிவர் தேட வேண்டியதில்லை. முன் ஃபோர்க்கில் ஷாக் அப்சார்பர் வந்தது. 1990இல் கொலராடோவின் டுராங்கோவில் உலக சாம்பியன் போட்டி, 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்ஸ். பெண்களையும் உள்ளே இழுக்கவேண்டும் என்று ஜாக்கி ஃபெலன் என்ற வீராங்கனை 80களில் ‘மகளிர் மவுண்டன் பைக் மற்றும் தேநீர்ச் சங்கம்’ என்று ஒன்றை நடத்தினார். இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த அமைப்பு அதுதான். நம்மூரிலும் 90களில் தடித்த டயரும் நேரான ஹேண்டில்பாரும் வைத்து ‘எம்டிபி’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய சைக்கிள்கள் கடைக்கு வந்தன. எங்கள் திருநெல்வேலித் தெருவில் அதை வைத்திருந்தவன் ராஜா. கியர் இல்லை, ஏற மலையும் பக்கத்தில் இல்லை. டியூஷன் சென்டர் வரைக்கும்தான் போவான். ஆனாலும் ராஜா.

26 அங்குலத்துக்கு முடிவுரை 2012இல் எழுதப்பட்டது. லண்டன் ஒலிம்பிக்ஸில் ஆண்கள் தங்கம் வென்ற யாரோஸ்லாவ் குல்ஹாவியின் வண்டி 29 அங்குலச் சக்கரம், வெள்ளி வென்ற நினோ ஷுர்ட்டரின் வண்டி 27.5. பெரிய சக்கரம் கல்லையும் வேரையும் விழாமல் உருண்டு கடக்கும் என்று ஃபிஷர் சில வருஷங்களாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறந்த ஊர் இந்தப் பிள்ளையை எப்படி நடத்தியது என்பது தனிக் கதை. 80களில் மலையில் சைக்கிள்கள் பெருகியதும் நடப்பவர்களும் குதிரைக்காரர்களும் கொதித்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. குறுகிய பாதையில் வளைவுக்கு அப்பாலிருந்து ஒருவன் பாய்ந்து வந்தால் குதிரை மிரளத்தான் செய்யும். டமல்பையஸின் ஒற்றையடிப் பாதைகள் பெரும்பாலும் சைக்கிளுக்கு மூடப்பட்டன. லாரிச் சாலைகளில் போகலாம் என்றானது. மணிக்கு 15 மைல், மறைவான வளைவில் 5 மைல். வனக்காவலர்கள் வேகம் அளக்கும் கருவியோடு மரத்தடியில் நின்றார்கள். நாடு முழுக்கவும் இதே வழக்கு. மனிதக் கை படாத வனப்பகுதிகளுக்கான 1964ஆம் வருஷத்துச் சட்டம் அங்கே ‘இயந்திரப் போக்குவரத்து’ கூடாது என்றது. அதில் சைக்கிளும் அடங்கும் என்று வனத்துறை 1984இல் முடிவாகச் சொல்லிவிட்டது. எந்த மலையில் இந்த வண்டி உருவானதோ அந்த மலையின் நல்ல பாதைகள் பெரும்பாலானவற்றில் அதற்கு இடமில்லாமல் போனது.

நான் வண்டி வாங்கப் போனது இந்தக் கதையெல்லாம் தெரியாமல்தான். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் மென்பொருள் வேலை பார்க்கும் தமிழர்கள் வாரக் கடைசியில் கிரிக்கெட் ஆடுவார்கள் அல்லது கோவிலுக்குப் போவார்கள். எனக்கு இரண்டும் ஒத்துவரவில்லை. அம்மாவிடம் போனில் சொன்னபோது வந்த பதில்:

“ஏல, சைக்கிளு ஓட்டவா அமெரிக்கா போன?”

“மலையில ஓட்டுறதும்மா.”

“இங்க பாவநாசத்துல இல்லாத மலையா?”

புது வண்டி விலையை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. முன்னும் பின்னும் ஷாக் வைத்த புது வண்டிக்குச் சாதாரணமாகவே மூவாயிரம் நாலாயிரம் டாலர் கேட்கிறார்கள். கடைக்காரர் காட்டுவதெல்லாம் உயரத்திலிருந்து குதிப்பவனுக்கான வண்டி. வாங்க வருபவனோ திண்ணையிலிருந்துகூடக் குதித்து வருஷமாகியிருக்கும். தொடங்குபவனுக்கு முன்னால் மட்டும் ஷாக் உள்ள, 29 அங்குலச் சக்கர வண்டி தாராளமாகப் போதும். பின்னால் ஷாக் இல்லாததால் பாதையில் உள்ள ஒவ்வொரு வேரும் காலுக்குச் செய்தி சொல்லும். அந்தப் பாடம் முதலில் வேண்டும். பிரேக் மட்டும் டிஸ்க் பிரேக்காக இருக்கட்டும், எண்ணெயில் இயங்குவதாக இருந்தால் ஒரு விரல் போதும். இன்னொன்று, ஓடும்போதே சீட்டை இறக்கி ஏற்றுகிற பொத்தான். 1984இலேயே ஜோ ப்ரீஸும் ஜாஷ் ஏஞ்சலும் ஒரு ஸ்பிரிங்கை வைத்து இதற்கு வழி செய்திருந்தார்கள். இறக்கத்தில் சீட் கீழே போய்விட்டால் உடம்பைப் பின்னுக்கும் கீழுக்கும் கொண்டுபோக இடம் கிடைக்கிறது. பயத்தில் பாதி அங்கேயே கழிந்துவிடும்.

பழைய வண்டியாகவே தேடினேன். ஆசையாய் வாங்கி, கார் ஷெட் சுவரில் மாட்டிவிட்டு மறந்துபோகிறவர்கள் இந்த ஊரில் ஏராளம். அவர்கள் வீடு மாறுகிற மாசம் நமக்கு நல்ல மாசம். பார்க்க வேண்டியது சிலதுதான். ஃப்ரேமில் வெல்டிங் ஓரங்களில் மயிரிழை விரிசல் இருக்கிறதா, ஃபோர்க்கின் வழுவழுப்பான குழாயில் கீறல் உண்டா, செயின் நீண்டு பல்சக்கரத்தைத் தின்றிருக்கிறதா, கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடுகிறதா. பெயின்ட் போயிருந்தால் போகட்டும், விலை பேச உதவும்.

வாங்கிய வண்டியோடு போனது சான் ரஃபேலில் உள்ள சைனா கேம்ப் பூங்காவுக்கு. 1880களில் தென்சீனத்திலிருந்து வந்தவர்கள் இறால் பிடித்து வாழ்ந்த குடியிருப்பு அது. இன்று மாநிலப் பூங்கா. மரின் கவுண்டிக்குள் சைக்கிளுக்கு ஒற்றையடிப் பாதை திறந்திருக்கும் மிகச் சில இடங்களில் ஒன்று. ஒரு பக்கம் உப்புச் சதுப்பும் விரிகுடாவும், மறுபக்கம் ஓக் மரச் சரிவு. பாதை ஹேண்டில்பார் அகலமே இருக்கும், மலையின் மடிப்புக்குள் போய்ப் போய் வெளியே வரும்.

முதல் வேலை டயரில் காற்றை இறக்குவது. டயர் கல் மாதிரி இருக்கணும் என்று கேட்டு வளர்ந்தவனுக்குக் கை வரவில்லை. ரோடு சைக்கிளில் 80, 100 பிஎஸ்ஐ அடிப்பார்கள். இங்கே 25 போதும். டயர் கல்லை முட்டித் துள்ளுவதற்குப் பதில் அதன்மேல் படிந்து போகிறது. தடித்த டயரின் ரகசியம் அதுதான். ஷ்வின்னின் பையன்கள் நடைபாதை விளிம்பில் அனுபவித்ததும் இதையே.

ஏற்றத்தில் ஒன்றும் சுவாரஸ்யமில்லை. மூச்சு வாங்குகிறது, வியர்க்கிறது, சின்ன கியரில் போட்டுவிட்டு முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே மிதிக்கிறோம். இறக்கம் தொடங்குகிற இடத்தில் எல்லாம் மாறுகிறது. சீட்டை இறக்கி, எழுந்து நிற்க வேண்டும். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில், முழங்காலும் முழங்கையும் மடங்கி. வண்டி உங்களுக்குக் கீழே தன்பாட்டுக்குக் குலுங்கும், உங்கள் தலை குலுங்காது. வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். உள்ளே பிடித்தால் சக்கரம் பிடியிழந்து வழுக்கும். எல்லாவற்றையும்விடக் கண். பார்க்கிற இடத்துக்குத்தான் வண்டி போகும். மரத்தைப் பார்த்தால் மரத்துக்குப் போகும், மரத்துக்கும் பாறைக்கும் நடுவிலுள்ள வெளியைப் பார்த்தால் அதன் வழியே போகும். இது தத்துவம் இல்லை. தலை திரும்புகிற பக்கம் தோளும், தோள் திரும்புகிற பக்கம் இடுப்பும் தானாகத் திரும்புவதால் வருவது.

இப்படி நாலைந்து வளைவு சரியாக விழுந்துவிட்டால் ஒன்று நடக்கிறது. ஒரு வளைவு அடுத்த வளைவுக்குள் கொண்டுபோய் விடுகிறது, மிதிக்கவே வேண்டியதில்லை. பள்ளத்தில் அமுக்கினால் மேட்டில் வண்டி லேசாகிறது. அலுவலகமும் விசாவும் வீட்டுக் கடனும் தலைக்குள் இருக்க இடம் கிடைப்பதில்லை, ஏனென்றால் பத்தடி முன்னால் ஒரு வேர் இருக்கிறது. கீழே வந்து நிற்கும்போது வாய் தானாகச் சிரித்துக்கொண்டிருக்கிறது. உடனே தோன்றுவது, திரும்பவும் மேலே போகவேண்டும் என்பதுதான். பிரித்து, துடைத்து, கிரீஸ் அடைத்துக்கொண்டு மறுபடி மறுபடி ரீபேக்கில் ஏறிய அந்த நீளமுடிக்காரர்களின் கிறுக்கு எனக்கு அப்போது முழுசாகப் புரிந்தது. எனக்கு அந்த வேலை இல்லை, டிஸ்க் கொஞ்சம் சுட்டிருந்தது, அவ்வளவே.

பாதை முனைகளில் மஞ்சள் நிற முக்கோணப் பலகை ஒன்று இருக்கும்: சைக்கிள்காரன் நடப்பவருக்கும் குதிரைக்கும் வழி விட வேண்டும், நடப்பவர் குதிரைக்கு வழி விட வேண்டும். படிநிலையில் நமக்கு யாரும் கீழே இல்லை. அந்தப் பழைய சண்டை கொடுத்த சமரசம் அது, நான் அதை மதிக்கிறேன். ஹேண்டில்பாரில் நம்மூர் மாதிரி ஒரு மணி மாட்டியிருக்கிறேன். வளைவுக்கு முன்னால் அடித்தால் நடப்பவர்கள் திரும்பிக் கை ஆட்டுகிறார்கள்.

அடுத்த வாரம் அலுவலக நண்பர் ஒருவர் வாடகை வண்டியோடு வருகிறார். மூன்று மூன்றாக இலை விட்டிருக்கும் செடி எதையும் தொடாதீர்கள், அந்தப் ‘பாய்சன் ஓக்’ இலை பட்டால் பத்து நாள் சொறிய வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். என்ன வண்டி வாங்கலாம் என்று இப்போதே விலைப்பட்டியல் அனுப்பிக்கொண்டிருக்கிறார். ஒன்றும் வாங்காமல் முதலில் வாருங்கள், காலையில் எட்டு மணிக்குள் வந்தால்தான் கார் நிறுத்த இடம் கிடைக்கும் என்று பதில் போட்டிருக்கிறேன்.